மாநகர சபையிலிருந்து ஒட்டாவாவுக்கு: ஜாக் லேட்டன் நடந்த பாதை

ஜாக் லேட்டன் டொராண்டோ மாநகர சபைக்கு முதன்முதலாகத் தேர்வானது 1982-ல். கனடா நாடாளுமன்றத்தில் அவருக்கு இருக்கை கிடைத்தது 2004-ல். இடைப்பட்ட 22 ஆண்டுகளில் மேயர் தேர்தலில் ஒரு முறை தோற்றார்; நாடாளுமன்றத் தேர்தலில் இரண்டு முறை தோற்றார். ஆனாலும் 2011 மே மாதம் அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். 1961-ல் தொடங்கப்பட்ட புதிய ஜனநாயகக் கட்சிக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் முறை. கனடாவில் தேசியக் கட்சிகளின் தலைவர்கள் பெரும்பாலும் நாடாளுமன்றத்திலோ மாகாண அரசியலிலோ பழகியவர்கள். குப்பை, நடைபாதை, வாடகை வீடு, சைக்கிள் தடம் என்று பேசிக்கொண்டிருந்த ஒரு மாநகர சபை உறுப்பினர் நேராக ஒரு தேசியக் கட்சியின் தலைமைக்குப் போனது அரிதான நிகழ்வு. லேட்டனின் வரலாற்றைப் பார்த்தால், மாநகர சபை அவருக்கு ஏறிப் போகும் படியாக மட்டும் இருக்கவில்லை, அரசியல் தொழிலைக் கற்ற இடமாகவும் இருந்தது தெரியும்.

கனடாவில் ஆட்சி மூன்று அடுக்குகளாக இயங்குகிறது. ஒட்டாவாவில் கூட்டாட்சி அரசு, அதற்குக் கீழே பத்து மாகாணங்களும் மூன்று ஆட்சிப் பகுதிகளும், அவற்றுக்குள் நகராட்சிகள். 1867-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் அதிகாரத்தை முதல் இரண்டு அடுக்குகளுக்கு மட்டுமே பிரித்துக் கொடுத்தது. நகராட்சி அமைப்புகள் மாகாணத்தின் பொறுப்பு என்று அதன் 92-ஆவது பிரிவு ஒதுக்கிவிட்டது. ஆகவே ஒரு நகரத்தை உருவாக்கவும், பக்கத்து நகரத்தோடு இணைக்கவும், அதன் சபையைச் சுருக்கவும் மாகாண அரசால் முடியும். டொராண்டோ இதை இரண்டு முறை அனுபவித்தது. 1997-ல் மக்களிடம் கருத்துக் கேட்டபோது பெரும்பான்மையோர் வேண்டாம் என்றே சொன்னார்கள். அதையும் மீறி, 1998 ஜனவரி 1 முதல் ஸ்கார்பரோ, நார்த் யார்க், எட்டோபிகோ, யார்க், ஈஸ்ட் யார்க், பழைய டொராண்டோ ஆகிய ஆறையும் இணைத்து ஒரே மாநகரமாக்கியது ஒன்டாரியோ மாகாண அரசு. இருபது ஆண்டு கழித்து, 2018-ல், தேர்தல் வேலைகள் நடந்துகொண்டிருந்தபோதே சபை உறுப்பினர் எண்ணிக்கையை 25 ஆகக் குறைத்தது.

பணத்தின் நிலையும் இப்படித்தான். நகரத்தின் முக்கிய வருவாய் சொத்து வரி. வருமான வரியும் விற்பனை வரியும் மேல் இரண்டு அரசுகளுக்குப் போகின்றன. அன்றாடச் செலவுக்குப் பற்றாக்குறை பட்ஜெட் போட நகரத்துக்கு அனுமதி கிடையாது. பேருந்தும் சுரங்க ரயிலும் ஓட்டுவது, வீடற்றவர்களுக்குத் தங்குமிடம் தருவது, குடிநீர்க் குழாய் மாற்றுவது எல்லாம் நகரத்தின் தலையில். அதற்கான பணப்பெட்டியோ வேறு கைகளில். மாநகர சபையில் சில ஆண்டுகள் உட்கார்ந்த எவருக்கும் இந்த முரண் புரிந்துவிடும். லேட்டனை ஒட்டாவாவை நோக்கித் தள்ளியது இதுதான்.

அவர் 1950-ல் மான்ட்ரியலில் பிறந்து, அருகிலுள்ள ஹட்சன் என்ற வசதியான ஊரில் வளர்ந்தார். வீட்டில் அரசியல் புதிதல்ல. ஆனால் அது வேறு பக்கத்து அரசியல். பாட்டனார் கில்பர்ட் லேட்டன், கியூபெக்கில் மோரிஸ் டியூப்ளெசியின் அமைச்சரவையில் இருந்தவர். தந்தை ராபர்ட் லேட்டன், 1984-ல் பிரையன் மல்ரோனியின் பழமைவாதக் கட்சி சார்பில் நாடாளுமன்றத்துக்குப் போய் அமைச்சரானவர். மகன் மெக்கில் பல்கலைக்கழகத்தில் தத்துவ அறிஞர் சார்ல்ஸ் டெய்லரிடம் படித்தார். டெய்லர் 1965-ல், பின்னாளில் பிரதமரான பியேர் ட்ரூடோவை எதிர்த்து புதிய ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்றவர். 1970 அக்டோபரில் கியூபெக் பிரிவினைத் தீவிரவாதிகளின் ஆட்கடத்தல்களைத் தொடர்ந்து ட்ரூடோ அரசு போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சந்தேகத்தின் பேரில் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். நாட்டில் பெரும்பாலானோர் அரசை ஆதரித்த அந்த நேரத்தில் டாமி டக்ளஸ் தலைமையில் அந்தச் சிறு கட்சி எதிர்த்து நின்றது. அந்தத் துணிவுதான் இளைஞர் லேட்டனை அக்கட்சிக்கு இழுத்தது. பிறகு டொராண்டோவுக்கு வந்து யார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ரையர்சனில் அரசியல் பாடம் நடத்தினார்.

1982 மாநகர சபைத் தேர்தலில், நகரின் மையப் பகுதியான ஆறாவது வட்டத்தில், பதவியில் இருந்த கார்டன் சோங்கைத் தோற்கடித்து உள்ளே வந்தார். பலரும் எதிர்பார்க்காத முடிவு அது. ஜீன்ஸ் அணிந்து, சைக்கிளில் சபைக்கு வரும் பேராசிரியர். எதற்கெடுத்தாலும் எழுந்து பேசுபவர். பத்திரிகைக்காரர்களை விடாதவர் என்ற பெயர் சீக்கிரமே பரவியது. எதிராளிகள் அவரை விளம்பரப் பிரியர் என்றார்கள். ஆனால் அவர் கையில் எடுத்த பல விஷயங்கள் அன்றைக்கு விளம்பரம் தரக்கூடியவையாக இல்லை. எய்ட்ஸ் நோய் ஓரினச் சேர்க்கையாளர்களின் பிரச்சினை என்று அரசுகள் ஒதுங்கியிருந்த எண்பதுகளில், நகரத்தின் பொதுச் சுகாதார வாரியத்தில் இருந்துகொண்டு அதற்கென நிதி ஒதுக்கவும் விழிப்புணர்வுப் பணிகள் தொடங்கவும் அவர் போராடினார். டொராண்டோ மையத்தில் கட்டப்பட்ட பிரம்மாண்டமான ஸ்கைடோம் விளையாட்டரங்குத் திட்டத்தை எதிர்த்தார். ஒலிம்பிக் போட்டியை நகரத்துக்குக் கொண்டுவரும் முயற்சியில், அதன் செலவு ஏழைகளின் வீட்டுத் தேவையை விழுங்கிவிடும் என்று கேள்வி எழுப்பினார்.

டொராண்டோ சபையின் ஒரு தனித்தன்மையை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். அங்கே வாக்குச் சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. உறுப்பினர்கள் இன்ன கட்சிக்காரர் என்பது ஊருக்கே தெரிந்திருக்கலாம். ஆனால் சபைக்குள் கட்சிக் கொறடா கிடையாது, ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பிரிவும் கிடையாது. லேட்டன் காலத்தில் மேயருக்கும் ஒரே ஒரு வாக்குத்தான் இருந்தது. ஒரு தீர்மானம் நிறைவேற வேண்டுமானால் உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்க வேண்டும். இவருடைய வட்டத்தில் பூங்கா கேட்கிறார்கள், அவருக்குப் புறநகர் வரி கவலை என்று தெரிந்திருக்க வேண்டும். நேற்று கடுமையாகத் திட்டியவரிடம் இன்று கைகொடுக்க வேண்டும். சிறுபான்மையாக இருந்தும் காரியம் சாதிக்கும் பழக்கம் இப்படித்தான் வரும். லேட்டனுக்கு முதலில் இது வரவில்லை. எதிர்த்துப் பேசுவதில் வல்லவராகவும், வாக்குச் சேர்ப்பதில் சாதாரணராகவுமே அவர் தொடங்கினார்.

1985-ல் ஒரு நிதி திரட்டும் ஏலத்தில் அவர் ஏலக்காரர். கான்டனீஸ் மொழியில் அதை மொழிபெயர்த்தவர் ஒலிவியா சௌ. ஹாங்காங்கில் பிறந்து 13 வயதில் கனடாவுக்கு வந்தவர் ஒலிவியா. அதே ஆண்டு பள்ளி வாரிய உறுப்பினராகத் தேர்வானார். இருவரும் 1988-ல் டொராண்டோ தீவுகளில் திருமணம் செய்துகொண்டார்கள். 1990-ல் இருவரும் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பில் வசிப்பது செய்தியானது. நல்ல வருமானமுள்ள இரண்டு மக்கள் பிரதிநிதிகள் அரசு உதவி பெறும் குடியிருப்பில் இருக்கலாமா என்பது கேள்வி. வருமானம் பார்த்து வாடகைச் சலுகை தரும் வீடுகளில் ஒன்றல்ல அது. செய்தி வருமுன்பே மாதந்தோறும் கூடுதல் தொகையும் கட்டத் தொடங்கியிருந்தார்கள். நகரச் சட்ட அதிகாரி விசாரித்துத் தவறில்லை என்றார். இருந்தாலும் அந்தக் குற்றச்சாட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர்களைத் தொடர்ந்தது.

1991-ல் மேயர் பதவிக்கு நின்றார். கட்சிச் சார்பற்றது என்று சொல்லிக்கொள்ளும் நகரத் தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளராகவே களம் இறங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு அக்கட்சி பாப் ரே தலைமையில் ஒன்டாரியோ மாகாண ஆட்சியைப் பிடித்திருந்தது. பொருளாதார வீழ்ச்சியில் சிக்கி அந்த ஆட்சி வேகமாக மதிப்பிழந்தது. அந்தச் சுமையும் அவர் மீது விழுந்தது. ஜீன்ஸுக்குப் பதில் சூட், மூக்குக் கண்ணாடிக்குப் பதில் கான்டாக்ட் லென்ஸ் என்று தோற்றத்தை மாற்றிப் பார்த்தார். ஜூன் ரோலண்ட்ஸ் பெரும் வித்தியாசத்தில் வென்று டொராண்டோவின் முதல் பெண் மேயரானார். லேட்டன் ஒரே நாளில் பதவியில்லாதவரானார்.

அடுத்த மூன்று ஆண்டுகள் அவருக்குச் சோதனைக் காலம். சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம் ஒன்றை நடத்தினார். 1989 டிசம்பர் 6 அன்று மான்ட்ரியல் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக ஆண்கள் பேச வேண்டும் என்று 1991-ல் தொடங்கப்பட்ட வெள்ளை நாடா இயக்கத்தின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். அது பின்னாளில் பல நாடுகளுக்குப் பரவியது. 1993-ல் நாடாளுமன்றத் தேர்தலில் டொராண்டோவின் ரோஸ்டேல் தொகுதியில் நின்று நான்காம் இடத்துக்குப் போனார். நாடு முழுவதுமே அவருடைய கட்சி ஒன்பது இடங்களாகச் சுருங்கிய தேர்தல் அது.

1994-ல், அந்த ஆறு நகரங்களுக்கும் பொதுவாக அன்று இருந்த பெருநகர சபைக்கு மீண்டும் வந்த லேட்டன் பழைய ஆள் இல்லை. பேசிக்கொண்டே இருக்கும் வழக்கம் குறைந்தது. மற்றவர் சொல்வதைக் கேட்கும் வழக்கம் கூடியது. பழமைவாத உறுப்பினர்களோடும் சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொண்டார். இதை அவருடைய முதிர்ச்சி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தோல்விதான் அவருக்கு இதைக் கற்றுக் கொடுத்தது.

அந்தக் காலத்தில்தான் அவர் பெயர் நகர எல்லையைத் தாண்டியது. காரணமான விஷயங்களில் ஒன்று குப்பை. டொராண்டோவின் குப்பையை ரயிலேற்றி, சுமார் 600 கிலோமீட்டர் வடக்கே கிர்க்லண்ட் லேக் அருகே கைவிடப்பட்ட ஆடம்ஸ் இரும்புச் சுரங்கப் பள்ளத்தில் கொட்டும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருந்தது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று அங்கிருந்த விவசாயிகளும் பழங்குடி மக்களும் போராடினார்கள். 2000-ல் மேயர் மெல் லாஸ்ட்மனின் ஆதரவோடு அது சபைக்கு வந்தபோது, எதிர்ப்பாளர்களின் குரலாகச் சபைக்குள் நின்றவர் லேட்டன். விவாதம் நாட்கணக்கில் நீண்டது. வடக்கிலிருந்து வந்தவர்கள் பார்வையாளர் பகுதியில் நிறைந்திருந்தார்கள். சபை ஒப்புதல் தந்தும், ஒப்பந்த நிபந்தனைகளில் உடன்பாடு வராமல் அந்த ஆண்டே திட்டம் சரிந்தது. அந்தப் போராட்டத்தில் வடக்குப் பகுதியிலிருந்து முன்னின்ற இசைக் கலைஞரும் எழுத்தாளருமான சார்லி ஆங்கஸ், 2004-ல் லேட்டனின் கட்சி சார்பில் டிம்மின்ஸ்–ஜேம்ஸ் பே தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார்.

இன்னொன்று வீடின்மை. கூட்டாட்சி அரசு 1993-ல் புதிய சமூக வீட்டுவசதிக்கான நிதியை நிறுத்த முடிவு செய்தது. அடுத்து, மைக் ஹாரிஸின் ஒன்டாரியோ அரசு ஏற்கெனவே இருந்த குடியிருப்புகளின் பொறுப்பை நகராட்சிகள் மேல் இறக்கி வைத்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் டொராண்டோ தெருக்களில் குளிரில் உறைந்து மக்கள் சாவது செய்தியாக வரத் தொடங்கியது. லேட்டனின் வீட்டுக்கு அருகிலேயே ஒருவர் அப்படி இறந்தார். 1998-ல் வீடின்மையைத் தேசியப் பேரிடர் என்று அறிவிக்கக் கோரி டொராண்டோவில் சமூகப் பணியாளர்கள் எழுப்பிய குரலை லேட்டன் சபைக்குக் கொண்டுபோனார்; பெருநகர மேயர்களும் அதை ஏற்றார்கள். இந்தப் பிரச்சினை எப்படி உண்டானது, எப்படித் தீரும் என்று 2000-ல் ஒரு புத்தகமே எழுதினார். புள்ளிவிவரமும் பட்ஜெட் கணக்கும் நிறைந்த அந்தப் புத்தகத்தின் மையக் கருத்து எளிமையானது: தெருவில் தெரியும் பிரச்சினையின் வேர் தலைநகரின் வரவு செலவுத் திட்டத்தில் இருக்கிறது.

இந்த வாதத்தை நாடெங்கும் எடுத்துச் செல்லும் மேடையாக அமைந்தது கனடிய நகராட்சிகளின் கூட்டமைப்பு. பெரிய நகரங்கள் முதல் சில நூறு பேர் வாழும் ஊர்கள் வரை உறுப்பினராக உள்ள அமைப்பு அது. அரசியலமைப்பில் இடமில்லாத நகராட்சிகள், ஒட்டாவாவோடு பேசுவதற்குத் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட குரல் என்று அதைச் சொல்லலாம். லேட்டன் அதில் துணைத் தலைவராகி, 2001-ல் தலைவரானார். கூட்டமைப்பின் முயற்சியால் 2000-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் நகராட்சிகளின் பசுமைத் திட்டங்களுக்கென 12.5 கோடி டாலர் நிதியம் உருவானது. அடுத்த ஆண்டே அது இரட்டிப்பானது. அந்தப் பதவி காரணமாக அவர் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் போனார். நோவா ஸ்கோஷியாவின் மீன்பிடித் துறைமுக மேயரும் சஸ்காச்சுவனின் கோதுமை ஊர்த் தலைவரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் பலருக்கும் வாய்க்காத பரந்த அறிமுகம் ஒரு மாநகர சபை உறுப்பினருக்குக் கிடைத்தது.

1997-ல் ஒரு முறை மறுபடி நாடாளுமன்றத் தேர்தலில் நின்று, லிபரல் கட்சியின் டென்னிஸ் மில்ஸிடம் தோற்றிருந்தார். ஆகவே 2002-ல் கட்சித் தலைவர் அலெக்ஸா மெக்டொனா விலக, கட்சித் தலைமைக்கு லேட்டன் போட்டியிடுவதாக அறிவித்தபோது, ஒட்டாவா அனுபவம் துளியும் இல்லாதவர் என்பதுதான் முதல் விமர்சனம். எதிரே நின்றவர்களில் பில் பிளெய்க்கி 1979 முதல் நாடாளுமன்றத்தில் இருந்தவர். கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் மிகச் சிலரே லேட்டன் பக்கம் நின்றார்கள். ஆனால் விதி மாறியிருந்தது. முன்பு மாநாட்டுப் பிரதிநிதிகள் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த முறை ஒவ்வொரு உறுப்பினருக்கும் நேரடி வாக்கு, தொழிற்சங்கங்களுக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பு. வட்டம் வட்டமாகப் போய் ஆள் சேர்த்துப் பழகிய நகர அரசியல்வாதிக்கு இந்த விதி ஏற்றதாக அமைந்தது. கட்சியின் மதிப்புமிக்க முன்னாள் தலைவர் எட் பிராட்பென்ட்டும் ஆதரவு தெரிவித்தார். 2003 ஜனவரி 25 அன்று, முதல் சுற்றிலேயே 53.5 விழுக்காடு வாக்குகளோடு லேட்டன் தலைவரானார்.

தலைவருக்கு நாடாளுமன்றத்தில் இருக்கை இல்லை. அவையில் கட்சியை பிளெய்க்கி நடத்த, லேட்டன் வெளியே கூடத்தில் நின்று பத்திரிகையாளர்களிடம் பேசினார். ஊர் ஊராகப் போனார். 2004 தேர்தல் பிரசாரத்தில், வீடற்றவர்களின் சாவுக்கு நிதியமைச்சராக இருந்த காலத்து வெட்டுகள் மூலம் பிரதமர் பால் மார்ட்டின் பொறுப்பாளி என்று அவர் சொன்னது பெரும் சர்ச்சையானது. சொன்ன விதம் மிகையானது என்று அவருடைய ஆதரவாளர்களே சங்கடப்பட்டார்கள். அந்த ஜூன் 28-ல், ஏழு ஆண்டுகளுக்கு முன் தன்னைத் தோற்கடித்த அதே டென்னிஸ் மில்ஸை டொராண்டோ–டான்ஃபோர்த் தொகுதியில் வென்றார். மாநகர சபையில் அவர் பிரதிநிதித்துவம் செய்த பகுதிதான் அது. கட்சிக்கு 19 இடங்கள் கிடைத்தன. மார்ட்டினின் லிபரல் அரசு பெரும்பான்மை இழந்தது.

2005 வசந்த காலத்தில் நடந்தவற்றைப் பார்த்தால், மாநகர சபையில் கற்ற வித்தை ஒட்டாவாவில் எப்படிப் பயன்பட்டது என்பது விளங்கும். விளம்பர ஒப்பந்த ஊழல் விசாரணையில் லிபரல் அரசு ஆடிக்கொண்டிருந்தது. பழமைவாதிகளும் கியூபெக் கூட்டணிக் கட்சியும் அதைக் கவிழ்க்கத் தயாராக இருந்தார்கள். லேட்டன் பிரதமரைச் சந்தித்து விலை பேசினார்: பெரு நிறுவனங்களுக்கு அறிவித்த வரிக் குறைப்பை நிறுத்தி வையுங்கள், அந்தப் பணத்தை வீட்டுவசதிக்கும், உயர்கல்விக்கும், பொதுப் போக்குவரத்துக்கும், வெளிநாட்டு உதவிக்கும் தாருங்கள், உங்கள் பட்ஜெட்டுக்கு எங்கள் வாக்கு. ஒப்பந்த மதிப்பு 460 கோடி டாலர். அதில் 160 கோடி குறைந்த வாடகை வீடுகளுக்கு. மே 19 அன்று அந்த மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது 152-க்கு 152 என்று சமமாக நின்றது. அவைத் தலைவர் பீட்டர் மில்லிகன் தன் வாக்கை அரசுக்கு அளித்தார். நம்பிக்கை வாக்குக்கு நிகரான ஒரு விஷயத்தில் அவைத் தலைவரின் வாக்கால் அரசு பிழைத்தது கனடாவில் அதுவே முதல் முறை. 308 பேர் அவையில் 19 பேரை வைத்துக்கொண்டு ஒரு பட்ஜெட்டைத் திருத்தி எழுத வைப்பது சிறிய சாதனையல்ல. பெட்ரோல் வரியில் ஒரு பங்கை நகராட்சிகளுக்குத் தருவதும் மார்ட்டின் ஆட்சியில் தொடங்கியது. கூட்டமைப்பு நெடுங்காலமாகக் கேட்டுவந்தது அது.

அதே ஆண்டு நவம்பரில் லேட்டன் ஆதரவை விலக்கினார். மருத்துவத்தில் தனியார் நுழைவைத் தடுக்கத் தாம் வைத்த கோரிக்கைக்கு அரசு இணங்கவில்லை என்றார். ஆட்சி கவிழ்ந்தது, 2006 ஜனவரித் தேர்தலில் வென்று பழமைவாதக் கட்சியின் ஸ்டீபன் ஹார்ப்பர் பிரதமரானார். மாகாணங்களோடு முடிந்திருந்த குழந்தைக் காப்பக ஒப்பந்தங்களும், பழங்குடி மக்களுக்கான கெலோனா உடன்பாடும் கைவிடப்பட்டன. இந்த இழப்பில் லேட்டனுக்கும் பங்குண்டு என்று லிபரல் கட்சியினர் சொன்ன குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. ஊழல் அறிக்கைக்குப் பின் அந்த அரசை எவராலும் நீண்ட நாள் தாங்கியிருக்க முடியாது என்பது அவர் தரப்பு. அந்தத் தேர்தலில் கட்சி 29 இடங்களுக்கு உயர்ந்தது. ஒலிவியா சௌவும் மாநகர சபையிலிருந்து டிரினிட்டி–ஸ்படைனா தொகுதி வழியே நாடாளுமன்றம் வந்தார். கணவனும் மனைவியும் ஒரே அவையில் உட்கார்ந்தார்கள்.

அடுத்து அவர் கியூபெக்கில் கட்சிக்கு இல்லாத வேரை ஊன்ற முயன்றார். மான்ட்ரியல் தெருப் பேச்சுவழக்கிலேயே பிரெஞ்சு பேசும் இயல்பு அவருக்கு உதவியது. 2007-ல் முன்னாள் மாகாணச் சுற்றுச்சூழல் அமைச்சர் தாமஸ் மல்கேர், மான்ட்ரியலின் ஊட்ரமோன் தொகுதி இடைத்தேர்தலில் லிபரல் கோட்டையை உடைத்தார். 2008-ல் 37 இடங்கள். அந்த ஆண்டு டிசம்பரில் லிபரல் கட்சியோடு கூட்டணி அரசு அமைக்கும் முயற்சி, ஹார்ப்பர் நாடாளுமன்றத்தை ஒத்திவைக்கச் செய்ததால் கைகூடவில்லை.

2010 பிப்ரவரியில் தமக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று லேட்டன் அறிவித்தார். 2011 மார்ச்சில் இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்த கையோடு தேர்தல் வந்தது. கைத்தடி ஊன்றியபடி பிரசாரம் செய்தார். மே 2 முடிவுகள் நாட்டையே திகைக்க வைத்தன: 103 இடங்கள், அவற்றில் 59 கியூபெக்கில். லிபரல் கட்சி 34-க்கும், கியூபெக் கூட்டணி 4-க்கும் சரிந்தன. கியூபெக்கில் வென்றவர்களில் பலர் பெயருக்கு நிறுத்தப்பட்ட மாணவர்களும் புதியவர்களும். இருபது ஆண்டு படிப்படியாக ஏறிவந்த தலைவரின் அலையில், எந்தப் படியும் ஏறாதவர்கள் நாடாளுமன்றம் போனார்கள். அப்படி நிரம்பிய வீடு நிலைக்கவில்லை. 2015-ல் பெரும்பாலானோர் தோற்றார்கள்.

அதே அலையில் ஸ்கார்பரோ–ரூஜ் ரிவர் தொகுதியில் ராதிகா சிற்சபைஈசன் வென்றார். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐந்து வயதில் கனடா வந்தவர். கனடா நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினர் அவர்தான். லிபரல் கட்சி தொடர்ந்து கையில் வைத்திருந்த தொகுதி அது. 2015-ல் அவர் ஸ்கார்பரோ வடக்கில் தோற்றது ஷான் சென்னிடம். சென், டொராண்டோ மாவட்டப் பள்ளி வாரியத்தின் தலைவராக இருந்து நாடாளுமன்றம் போனவர். நகரின் கீழ்ப்படிகளிலிருந்து ஒட்டாவா போகும் பாதையில் எல்லாக் கட்சியினரும் நடக்கிறார்கள் என்பதற்கு ஸ்கார்பரோவிலேயே சான்று கிடைக்கிறது.

எதிர்க்கட்சித் தலைவர் பதவியில் லேட்டன் நான்கு மாதம்கூட நிறைவு செய்யவில்லை. ஜூலை 25 அன்று வேறொரு புற்றுநோய் வந்திருப்பதாகச் சொல்லி ஒதுங்கியவர், ஆகஸ்ட் 22 அன்று 61 வயதில் இறந்தார். எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு செய்யும் மரபு கனடாவில் இல்லை. ஹார்ப்பர் அதை அளித்தார். உடல் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பின் டொராண்டோ மாநகர சபைக் கட்டடத்துக்கும் கொண்டுவரப்பட்டது. அதன் முன்னுள்ள நேதன் ஃபிலிப்ஸ் சதுக்கத்தின் கான்கிரீட் சுவர்களை மக்கள் சுண்ணக்கட்டியால் எழுதி நிரப்பினார்கள். டொராண்டோ தீவுகளுக்குப் படகு புறப்படும் துறைக்கு 2013-ல் அவர் பெயர் சூட்டப்பட்டது.

மாநகர சபையிலிருந்து ஒட்டாவாவுக்குப் போனவர்கள் எல்லோரும் அங்கேயே தங்கிவிடுவதில்லை. எட்மன்டனில் பேருந்து ஓட்டுநராக இருந்து 2007-ல் நகர சபைக்கு வந்த அமர்ஜீத் சோஹி, 2015-ல் ஜஸ்டின் ட்ரூடோவின் அமைச்சரவையில் உள்கட்டமைப்புத் துறையை ஏற்றார்; 2019-ல் தோற்று, 2021-ல் அதே நகரத்தின் மேயராகத் திரும்பினார். மறுபுறம், ஒட்டாவாவை நோக்கிய பயணமும் தொடர்கிறது: வான்கூவர் மேயராகப் பத்தாண்டு இருந்த கிரிகர் ராபர்ட்சன் 2025-ல் நாடாளுமன்றம் போய் வீட்டுவசதி அமைச்சரானார். ஒலிவியா சௌவோ 2014-ல் நாடாளுமன்றப் பதவியைத் துறந்து மேயர் தேர்தலில் நின்று மூன்றாம் இடத்துக்குப் போனார். 2023 ஜூன் 26 இடைத்தேர்தலில் வென்று, லேட்டன் 1991-ல் தவறவிட்ட நாற்காலியில் அமர்ந்தார். அகதிகளுக்கும் வீடற்றவர்களுக்குமான தங்குமிடச் செலவில் கூட்டாட்சி அரசு தன் பங்கைத் தர வேண்டும் என்பது மேயராக அவர் ஒட்டாவாவிடம் வைத்த முதல் கோரிக்கைகளில் ஒன்று. மார்ட்டின் காலத்தில் தொடங்கிய பெட்ரோல் வரிப் பங்கீடு 2011-ல் நிரந்தரமாக்கப்பட்டது. 2021 முதல் கனடா சமூகக் கட்டமைப்பு நிதியம் என்ற பெயரில் நகராட்சிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.